பாஸ்தாவுக்கு நெத்தலிக் கருவாடா?



போன கிழமை எங்கட வீட்டில் ஆக்கிய பாஸ்தாவின் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "பாஸ்தாவுக்குக் கருவாடா? நல்ல சாமானைக் கெடுத்துட்டீங்களே" என்று ஒரு ராத்தா. கெடுக்கவில்லை ராத்தா. இத்தாலியின் தெற்கில், பூலியா பக்கத்தில், இதற்குக் கிட்டத்தட்ட இதே சாப்பாடுதான் ஏழை வீட்டுச் சட்டியில் வெந்தது.

அங்கே சின்னக் காது மாதிரிப் பெருவிரலால் அழுத்திச் செய்யும் ஒரு பாஸ்தா இருக்கிறது, பெயர் ஒரெக்கியெத்தே. கொஞ்சம் கசக்கும் ஒரு கீரையை அந்தப் பாஸ்தா வேகிற தண்ணீரிலேயே போட்டு அவிப்பார்கள். மற்ற அடுப்பில் ஒலிவ் எண்ணெய், உள்ளி, மிளகாய், உப்பில் ஊறிய இரண்டு மூன்று அஞ்சோவி மீன். மீன் சூட்டில் கரைந்து எண்ணெயோடு சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கு மட்டும் தெரியும். சீஸ் வாங்க வழியில்லாதவர்கள் பழைய பாணைத் தூளாக்கி வறுத்து மேலே தூவினார்கள்.

அந்த அஞ்சோவி யார் தெரியுமா? நம்ம நெத்தலியின் சொந்தக்காரன். இரண்டும் ஒரே மீன் குடும்பம். அவர்கள் உப்பு அடுக்கி, பாரம் வைத்து மாதக்கணக்கில் பழுக்கவிடுகிறார்கள். நமக்கு வெயில் இருக்கிறது, காய வைக்கிறோம். அது சின்னப் போத்தலில் சுப்பர் மார்க்கெட்டுக்கு வந்தால் விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறோம். இது உமலில் வந்தால் மூக்கைப் பொத்துகிறோம்.

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், இடைவேளை நேரத்தில் பார்க்கிறோம். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அரைவாசி திறந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைகள். உள்ளே கருவாட்டுப் பொரியல், இல்லாவிட்டால் கீரைச் சுண்டல். ரோல்ஸும் சொசேஜும் கொண்டு வருகிற பிள்ளை எதையும் மறைப்பதில்லை. சில பிள்ளைகள் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கடைசிப் பாடத்தில் தலையை மேசையில் வைத்துவிடுகிறார்கள். வெட்கம் தானாக வரவில்லை. விருந்தாளி வந்தால் கருவாட்டுச் சட்டியை ஒளிப்பது பிள்ளைகளா, பெரியவர்களா?

இன்னொன்று. "வெள்ளைக்காரன் சாப்பாடு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்ற கதையும் பலருக்குப் பாடம். அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 140 வருடத்துக்கு முன்பே, 1154இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜருக்காக எழுதி முடித்த புவியியல் நூலில், அல் இத்ரீசி ஓர் ஊரைக் குறிப்பிடுகிறார். பலர்மோவுக்குப் பக்கத்திலுள்ள திராபியா. அங்கே 'இத்ரிய்யா' நிறையச் செய்து முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்பினார்கள் என்கிறார். இத்ரிய்யா என்றால் கோதுமை மாவில் செய்து காயவைத்த இழைகள். பூலியாவின் தென்முனையில் கடலையோடு ஆக்கும் ஒரு பாஸ்தாவை இன்றைக்கும் 'திரியா' என்றுதான் சொல்கிறார்கள். அரபுச் சொல் அடுப்படியில் அப்படியே இருக்கிறது.

சரி, செய்முறை கேட்டவர்களுக்கு.

400 கிராம் பக்கெட் ஒன்று, நாலைந்து பேருக்குக் காணும். நெத்தலி 50 கிராம் போதும். தலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துத் தனியே வையுங்கள். (ஒலிவ் எண்ணெய் நம்ம சம்பளத்துக்குக் கட்டாது. வாசம் மாறும்தான், இத்தாலிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.) காய்ந்த நெத்தலி அஞ்சோவி மாதிரிக் கரையாது. அதனால் அதே எண்ணெயில் ஏழெட்டுப் பல் உள்ளி, மூன்று செத்தல் மிளகாய், ஒரு தேக்கரண்டி மாசித் தூள். உள்ளி கருகினால் எல்லாம் கசந்துவிடும், நெருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கீரைக்கு நாங்கள் போட்டது முள்ளங்கி இலை. அவர்களுடைய கீரையும் முள்ளங்கியும் ஒரே கடுகுக் குடும்பம். அந்த மெல்லிய காரம் இதிலும் இருக்கிறது. கங்குனும் சரிவரும், ஆனால் அது சாதுவான கீரை. பாஸ்தா வேக நாலு நிமிடம் இருக்கும்போது இலையை அந்தப் பானையிலேயே போடுங்கள். அடுப்பு ஒன்று மிச்சம், காஸும் மிச்சம். வடிக்க முன் ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து வையுங்கள். அந்த மாத்தண்ணீர்தான் எண்ணெயைப் பாஸ்தாவில் பிடிக்க வைக்கும். எல்லாவற்றையும் தாச்சியில் பிரட்டி, நெத்தலியையும் வறுத்த பாண் தூளையும் மேலே தூவி, தேசிக்காய் பிழியுங்கள். உப்பை ருசி பார்த்தே போடுங்கள், கருவாட்டில் இருக்கிறது. சீஸ் வேண்டாம்.

முள்ளங்கி இலைக்குக் காசு கொடுக்காதீர்கள். சந்தையில் திருகி எறிவதற்கு முன் கேட்டால் பையில் போட்டே தருவார்கள். மணல் இருக்கும், மூன்று தண்ணீரில் கழுவுங்கள்.