41-ஆம் பக்கத்திலிருந்து

ஒரு பெண் வரைந்த முதல் காமிக்ஸ் புத்தகத்தைச் சரியாகப் படிக்காமலே, அது மோசமான புத்தகம் என்று அச்சில் எழுதினேன். எழுதியது தவறு என்று எனக்கே தெரிந்த பிறகும் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. முதலாவது அலட்சியம். இரண்டாவது கோழைத்தனம். இரண்டுக்கும் அடியில் கர்வம் இருந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாடகை நூல் நிலையத்தில் முத்து, லயன், ராணி என்று மூன்று காமிக்ஸ்களையும் எடுத்துப் படித்து வளர்ந்தவன் நான். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தபோது நான் பிறக்கவே இல்லை. மறுபதிப்புகளில்தான் படித்தேன். ஆனாலும் மாயாவியோடு கூடப் பிறந்தவன் மாதிரி பேசுவேன். எந்தக் கதை எந்த வருடம் வந்தது, எந்த இதழுக்கு என்ன அட்டைப்படம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். சுற்றி இருந்தவர்கள் அதை அறிவு என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு இருந்தது ஞாபகசக்தி. படம் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை.

பலூனில் இருக்கும் வசனத்தைப் படிப்பேன். படத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அந்த நாளைய பாக்கெட் சைஸ் இதழ்களில் வெளிநாட்டுக் கதைகளின் கட்டங்களைப் பிரித்துப் பக்கத்துக்கு இரண்டு மூன்றாக அடுக்கியிருப்பார்கள். ஒரு முழுப் பக்கத்தை ஓவியர் எப்படிக் கட்டினார் என்று பார்க்க அதில் வழியில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அதே இதழ்களைப் படித்த நண்பர்கள் சிலர் பின்னாளில் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்ததால் நான் கற்றுக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு மாத இதழில் புதிய காமிக்ஸ்களை விமர்சிக்கப் பத்தி கொடுத்தார்கள்.

ஜப்பானிய காமிக்ஸான மங்காவைப் பற்றி அந்தப் பத்தியில் நான் எழுதியதெல்லாம் இப்போது படிக்கக் கூசுகிறது. வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்வதே வாசகருக்குத் தொல்லை என்று எழுதினேன். மங்கா என்றால் பள்ளிப் பையன்களின் சண்டையும் கத்தலும் என்று எழுதினேன். ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டுக்குத் தப்பிய கெய்ஜி நகாஸாவா, அந்த அனுபவத்தை வைத்து வரைந்த ‘பேர்ஃபுட் ஜென்’ 1973-இல் தொடங்கியது ஒரு சிறுவர் வார இதழில்தான். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ‘இது நம்ம காமிக்ஸ் இல்லை’ என்பதுதான் என் கடைசி வாதம். நம்ம காமிக்ஸ் என்று நான் மார்தட்டிய மாயாவி, லண்டனிலிருந்து வந்த ‘வேலியன்ட்’ வார இதழுக்காக ஜெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் வரைந்தவர். நான் மார்தட்டிய இன்னொரு நாயகரான டெக்ஸ் வில்லர் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். சிவகாசியில் தமிழ் பேசியதால் அவர்கள் நம்மவர்கள் ஆனார்கள். ஜப்பானிய பாணியில் ஒரு தமிழ்ப் பெண் தன் ஊரை வரைந்தால் மட்டும் அது அந்நியம். இந்தக் கோணலை அப்போது யாராவது சுட்டிக் காட்டியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அவருடைய புத்தகம் தபாலில் வந்தது. கறுப்பு வெள்ளை. சொந்தக் காசில் 300 பிரதிகள் போட்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவும், பள்ளிக்குப் போகும் மகளும்தான் கதை. உள்ளே ஒரு துண்டுக் காகிதத்தில், நேரம் கிடைக்கும்போது படிக்கும்படி பணிவாக எழுதியிருந்தார்.

நான் அதைத் தாம்பரத்திலிருந்து எழும்பூர் போகும் மின்சார ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி புரட்டினேன். பலூன் இருந்த பக்கங்களில் வசனத்தைப் படித்தேன். பாதிக்கு மேல் பலூன் இல்லை. அங்கே விரல் வேகமாகப் போயிற்று. சைதாப்பேட்டை தாண்டும்போது புத்தகம் முடிந்துவிட்டது. அன்று இரவே பத்தி கொடுக்க வேண்டும். எழுதினேன். எழுதியதை மாற்றாமல் தருகிறேன்:

“ஒருத்தி உப்பளத்துக்குப் போகிறாள், வருகிறாள். மறுநாளும் போகிறாள், வருகிறாள். கதை எங்கே? நம் ஊர்ப் பெண்களுக்கு எதற்கு ஜப்பான் கண்கள்? பின்பாதியில் பேச்சும் இல்லை, படமும் பாதிதான். வரையச் சோம்பல்பட்டு வெள்ளையாக விட்ட பக்கங்களுக்கு வாசகரிடம் காசு வாங்குவது நியாயமா?”

அதே பக்கத்தில், ஒரு பெரிய பதிப்பாளரின் மறுபதிப்பை வானளாவப் புகழ்ந்திருந்தேன். அந்தப் புத்தகத்தை நான் பிரிக்கக்கூட இல்லை. மாதாமாதம் அவர்களிடமிருந்து இலவசப் பிரதி வரும். அது நின்றுவிடுமோ என்ற பயம். பெரியவருக்கு முன் பயந்த கை, யாருமில்லாத ஒருவர் மேல் தாராளமாக ஓங்கியது.

இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபம் இல்லை. “ஐயா, முடிந்தால் 41-ஆம் பக்கத்திலிருந்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.” அவ்வளவுதான் இருந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான், விமர்சனம் தாங்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு கடிதத்தைப் புத்தகத்துக்குள்ளேயே செருகி அலமாரியில் வைத்தேன். பதில் போடவில்லை.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், கடந்த ஆண்டின் புத்தகங்களைத் தொகுத்து எழுதும் வேலை வந்தது. விலை என்னவென்று பார்க்க அந்த உப்பளப் புத்தகத்தை எடுத்தேன். கடிதம் செருகியிருந்த இடத்தில் திறந்தது. அன்று வேறு வேலை இல்லை. மேஜையில் வைத்துப் படித்தேன்.

41-ஆம் பக்கம் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தடித்த கறுப்பு எல்லைக்கோடு. அந்தப் பக்கத்தில் அம்மா பாத்தி வரப்பில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் பார்க்கிறார். அடுத்த கட்டத்தில் அவர் பார்ப்பது தெரிகிறது: உப்புக் குவியல்கள், ஒரு லாரி, லாரியின் பக்கத்தில் கணக்கப்பிள்ளை. அங்கிருந்து புத்தகம் முழுக்க அம்மாவின் கண் வழியாகவே போகிறது. 42-இல் லாரியின் நம்பர் பிளேட்டில் எழுத்துகள் இல்லை. 43-இல் கணக்கப்பிள்ளைக்கு மூக்கும் வாயும் இல்லை. நிழலுக்காக ஒட்டியிருந்த புள்ளி டோன் பக்கத்துக்குப் பக்கம் குறைகிறது. கட்டங்களின் எல்லைக்கோடு பென்சில் கோடு போல மெலிந்து, பிறகு விட்டுவிட்டுத் தெரிந்து, பிறகு காணாமல் போகிறது. உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், வெள்ளைத் தரையில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். வருடக்கணக்கில் அதில் நின்று உப்பு வாருகிறவர்களுக்குக் கண் கெடுகிறது. அவர் வரைந்தது அதைத்தான். அம்மாவின் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை, அதனால்தான் பேச்சு இல்லை. கடைசிக்கு முந்தின பக்கம் முழுக்க வெள்ளை. கீழ் மூலையில் இரண்டு பெரிய கண்கள் மட்டும். மகளுடையவை. முதல் பக்கத்திலிருந்து அந்தக் கண்களை அவ்வளவு பெரிதாக வரைந்துகொண்டு வந்தது இந்த ஒரு பக்கத்துக்காக. அம்மா கடைசியில் மகளை அடையாளம் கண்டுகொள்வது அவற்றை வைத்துத்தான்.

அந்தக் கண்களைத்தான் நான் ஜப்பான் கண்கள் என்று எழுதினேன். அந்த வெள்ளையைத்தான் சோம்பல் என்று எழுதினேன்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் வெளியிட்ட ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கதை எப்படித் தாவுகிறது என்பதை ஆறு வகையாகப் பிரிக்கிறார். ஒரே இடத்தின், ஒரே மனநிலையின் வேறு வேறு கூறுகளைக் காலம் நகராமல் காட்டும் ஒரு வகை, மேற்கத்திய காமிக்ஸில் அரிது, ஜப்பானில் சாதாரணம் என்கிறார். டகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த ‘ஸ்லாம் டங்க்’ கூடைப்பந்துக் கதையில், கடைசி ஆட்டத்தின் இறுதி நொடிகள் ஏறக்குறைய பேச்சே இல்லாமல் போகின்றன. பெரிய கண்கள்கூட ஜப்பானின் தனிச்சொத்து இல்லை. ஒஸாமு தெஸுகா அவற்றை டிஸ்னி, ஃபிளைஷர் கார்ட்டூன்களிலிருந்து எடுத்துக்கொண்டவர். இவை எதுவும் ரகசியம் இல்லை. பத்தி எழுத உட்காரும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. இவை தெரியாவிட்டாலும், 41-ஆம் பக்கத்தை நின்று பார்த்திருந்தால் போதும்.

அன்று இரவே ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் அடுத்த இதழில் திருத்தம் போட்டிருப்பார். சொல்லவில்லை. என்னை நம்பிப் படிப்பவர்கள் சிரிப்பார்களே என்று பயந்தேன். பத்தி போய்விடும் என்று பயந்தேன். அந்த மாதமே நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி. டீக்கடைப் பக்கம் நண்பர்களோடு நின்றிருந்தபோது ஒரு இளைஞர் அந்தப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். எங்கேயோ ஒரு பிரதி கிடைத்து இரவெல்லாம் தூக்கம் வரவில்லை என்றார். “நீங்கதான சார் அதைப் பத்தி எழுதுனீங்க?” என்று என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

“முயற்சி பரவாயில்ல. ஆனா சுமார்தான்” என்றேன்.

அந்த இளைஞரின் முகம் சுருங்கியது. தன் ரசனையில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்திருக்கக்கூடும். நான் செய்தவற்றில் மிகக் கேவலமானது அந்த ஒரு சொல் என்று இன்றும் நினைக்கிறேன். விமர்சனம் எழுதியபோது எனக்குத் தெரியாது. ‘சுமார்தான்’ என்றபோது தெரியும்.

ஒரே ஒரு பத்தியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஜப்பானில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் வாசகர்களின் வாக்கு அட்டைகளைக் கொண்டே எந்தத் தொடரை வளர்ப்பது, எதை நிறுத்துவது என்று முடிவெடுத்துப் பழகியது. 1995-இல் அது 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அங்கே ஒரு ஆள் தப்பாகப் படித்தால் அது ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்று. தமிழில் புதிதாக ஒருவர் சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்தால் அதைப் பற்றி அச்சில் எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்தப் புத்தகத்துக்கு வந்த ஒரே விமர்சனம் என்னுடையது. கீழ்க் கோர்ட்டும் நான்தான், மேல் கோர்ட்டும் நான்தான்.

கடைசியில் அவருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி.

“அப்ப நீங்க முழுசாப் படிக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“அதத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்.”

பிறகு நடந்ததையெல்லாம் அவர் சொன்னார். சங்கிலியை அடகு வைத்து அச்சடித்த புத்தகம் அது. பிரதிகள் வாங்கி வைத்திருந்த ஒரு கடை, விமர்சனம் வந்ததும் திருப்பி அனுப்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் தெரியாத்தனமாக விமர்சனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். ‘கதை எங்கே’ என்ற வரியை அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னாராம். அது அவருடைய கதை.

இதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவர் என்னை நம்பியிருக்கிறார். பல வருடம் காமிக்ஸ் படித்த ஒருவர் முழுக்கப் படித்தும் புரியவில்லை என்றால் தன் படத்தில்தான் குறை என்று முடிவு செய்திருக்கிறார். இரண்டாம் பதிப்புக்காக அந்தப் பக்கங்களைத் திரும்ப வரைந்திருக்கிறார். கணக்கப்பிள்ளைக்கு முகம் போட்டார். நம்பர் பிளேட்டில் எழுத்துப் போட்டார். கட்டங்களுக்குத் தடித்த கோடு போட்டார். வெள்ளைப் பக்கத்தில் வானமும் மேகமும் வரைந்தார். கண்களைச் சிறிதாக்கினார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், தான் சொல்ல வந்தது அதில் எங்குமே இல்லை. அத்தோடு பேனாவை வைத்துவிட்டார். இப்போது ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு லே-அவுட் செய்கிறார். மறுபடி வரையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. சொல்லவில்லை.

தன் பெயரும் புத்தகத்தின் பெயரும் வேண்டாம் என்றார். வெளியே தெரிந்தால் இதையும் யாராவது அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள், பழையதெல்லாம் திரும்ப வரும் என்றார். அதனால்தான் இரண்டும் இங்கே இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவருக்கு அனுப்பினேன். ஒரு திருத்தம் சொன்னார். அம்மாவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது என்று எழுதியிருந்தேன். போகவில்லையாம். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கண்ணில் கொஞ்சம் தெரிகிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அது இருக்கிறது என்றார். எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. திருத்திவிட்டேன்.