பாஸ் மார்க் 40

நமக்குத் தியரியில் பாஸ் மார்க் 40. எங்க அண்ணனுக்கும் அதே 40தான். ஆனால் அது பரீட்சை இல்லை.

பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தவர் அண்ணன். வலது முழங்கைக்கு நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டதோடு சரி. கை சரியாக நீளாது, மடங்காது, விரல்களிலும் பிடி குறைவு. பிளஸ் டூ முடித்ததும் எல்லோரையும் போல வேலைவாய்ப்புப் பதிவு நடந்தது. கையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. வீட்டில் படித்தவர் யார் இருந்தார்கள், எடுத்துச் சொல்ல?

1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது. அந்த வரிசையில் நிற்க, குறைபாடு 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்று வேண்டும்.

முகாமுக்குப் போனோம். டாக்டர் எடுத்த கருவியைப் பார்த்ததும் எனக்கு நம்ம மெட்ராலஜி லேப் ஞாபகம்தான். பெவல் புரொட்ராக்டருக்குத் தம்பி மாதிரி இரண்டு பட்டை, நடுவில் டிகிரி. கோனியோமீட்டராம். முழங்கை எத்தனை டிகிரி மடங்குது, எத்தனை நீளுது என்று அளந்து எழுதினார். பிறகு கையின் பலம்.

வெளியே பெஞ்சில் அம்மா, “மாரியாத்தா, நிறையப் போடச் சொல்லு தாயே” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெற்றவள் வாயில் வருகிற வேண்டுதலா இது!

உள்ளே டாக்டர், “முடிஞ்ச வரைக்கும் நீட்டுப்பா” என்றார். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைத்தே பழகிய அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு ரோஷமாக நீட்டினார். எனக்கு உயிரே போச்சு. 42 வந்தது.

அட்டை கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்றார்கள் சொந்தக்காரர்கள். முடியவில்லை. அட்டை வேறு, பதிவு வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காட்டி, பழைய பதிவில் மாற்றுத்திறனாளி என்று சேர்த்த பிறகுதான் அந்த ஒதுக்கீட்டில் பெயர். வேலையற்றோர் உதவித்தொகைக்கு மற்றவர்கள் 5 ஆண்டு காத்திருக்கணும். இவர்களுக்குப் பதிந்து ஓராண்டு போதும். உங்க தெருவிலும் அட்டையை பஸ்ஸுக்கு மட்டும் காட்டுகிறவர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

வேலை இன்னும் வரவில்லை. அண்ணன் அரிசிக் கடையில்தான் கணக்கு எழுதுகிறார். பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அந்த வருஷக் காலண்டர் இன்னும் அச்சடிக்கவே இல்லையே என்று, தேதியைக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதச் சொன்னார் அப்பா. எழுதியிருக்கிறேன்.