புலி வந்தா போனஸ்!

'லாட்ஜ்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிக் கட்டடம், ரூம் சாவியோடு தொங்கும் மரக்கட்டை, வாசலில் டீக்கடை. ஆனால், காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு லாட்ஜ் என்பது வேற மேட்டர் பாஸ்! ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான், மறுநாள் என்ன பார்க்கப் போகிறோம் என்பதில் பாதியை முடிவு பண்ணுகிறது. அதைவிட முக்கியம்... நம்ம ரூம் இருக்கிற இடம் ஏதாவது ஒரு யானை நடந்துபோகிற பாதையா என்ற கேள்வி.

செமஸ்டர் லீவு விட்டால் 'ஊட்டியா, கொடைக்கானலா?' என்று பட்டிமன்றம் நடத்தும் காலேஜ் கூட்டத்தில், மூன்றாவது அணியாகக் களமிறங்கியிருக்கும் ஊர் மசினகுடி. ஊட்டிக்கும் இந்த ஊருக்கும் நடுவில் கல்லட்டி மலைப்பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே குளிர், கீழே முள்ளுக்காடு. ஒட்டியே இருக்கிறது முதுமலை. 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கர்நாடகாவின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளாவின் வயநாடு. மூன்று மாநில எல்லையும் நமக்கு மேப்பில்தான். யானைக்கு எல்லாமே ஒரே வீடு!

ரூம் போடுறதுக்கு முன்னாடி...

மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் நீலகிரி மலைச்சரிவு, மறுபக்கம் மாயாறு பள்ளத்தாக்கு. நடுவில் இருக்கும் குறுகலான நிலம்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவில் யானைகள் போய் வருகிற ரோடு. நாளுக்கு சுமார் 150 கிலோ தீனி வேண்டிய ஆள், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? நடந்தே ஆகணும். அந்த ரோட்டின் குறுக்கேதான் ரிசார்ட்டுகள் முளைத்தன. சுற்றிலும் மின்வேலி வேறு. வழி அடைபட்ட யானை எங்கே போகும்? பக்கத்தில் இருக்கிற தோட்டத்துக்கும் ஊருக்கும்தான்.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. யானை வழித்தடத்தை மீட்க வேண்டும் என்று 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பல ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழித்தடத்தை உறுதி செய்தது. அதற்கடுத்த மூணே மாதத்தில், மனசை உலுக்கிய சம்பவம். மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையைத் துரத்த, எரியும் பொருளை அதன் மேல் வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்த அந்த யானை 2021 ஜனவரி 19-ம் தேதி இறந்துபோனது. அந்த வீடியோவைப் பார்த்துக் கலங்கிய எல்லோரும், அடுத்த ட்ரிப்புக்கு ரூம் போடும்போது மூன்று கேள்வி கேட்டிருந்தாலே போதும்.

ஒன்று, 'உரிமம் இருக்கா? யானை வழித்தடத்துக்கு வெளியேதானே இருக்கீங்க?' நேரடி பதில் வராவிட்டால், அடுத்த இடத்தைப் பாருங்கள். தெப்பக்காடு, கார்குடி பக்கம் வனத்துறைக்கே விடுதிகள் உண்டு. அங்கே ரூம் கிடைக்குமா என்று முதலில் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

இரண்டு, 'ராத்திரி என்ன ஸ்பெஷல்?' இதற்கு 'கேம்ப் ஃபயர், டி.ஜே., நைட் சஃபாரி' என்று பதில் வந்தால் எஸ்கேப் ஆகிவிடுங்கள். ராத்திரியில் தனியார் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போய் டார்ச் அடிப்பது சட்டவிரோதம். டி.ஜே. விஷயத்தில் கொஞ்சம் இன்ஜினீயரிங் பேசலாமா? நம்ம காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தைப் பிடிக்காது. யானைகள் அதற்கும் கீழே இறங்கி, சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் சொந்தக்காரர்களோடு பேசும். கேத்தி பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் 1984-ல் கண்டுபிடித்தது இது. நாம் ரிசார்ட்டில் 'டம்... டம்...' என்று அதிரவிடும் சப்-ஊஃபர், அந்தப் பேச்சுக்குப் பக்கத்து அலைவரிசையில்தான் கத்துகிறது. யாரோ இரண்டு பேர் முக்கியமாகப் பேசும்போது நடுவில் போய் விசில் அடிக்கிற மாதிரி!

மூன்று, 'உங்ககிட்ட வேலை பார்க்கிறவங்க எந்த ஊர்?' இந்தக் காட்டின் சொந்தக்காரர்கள் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று பல சமூகத்தினர். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் நாம் பார்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் தெப்பக்காடு யானைகள் முகாம் இங்கேதான் இருக்கிறது. உள்ளூர் ஆட்கள் இருக்கும் விடுதியில் உங்களுக்கு நீச்சல் குளம் கிடைக்காமல் போகலாம். 'நேத்து சாயங்காலம் எந்தப் பக்கம் யானை போச்சு' என்ற தகவல் காபியோடு கிடைக்கும்!

இன்ஜினை ஆஃப் பண்ணுங்க அண்ணா!

தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வேனில் சஃபாரி போகலாம். காலை முதல் டிரிப்பும் மாலை கடைசி டிரிப்பும்தான் பெஸ்ட். வெயில் ஏறினால் பெரும்பாலான விலங்குகள் நிழலுக்குள் போய்விடும். விடுதி பக்கத்திலேயே இருந்தால் முதல் வேனைப் பிடிப்பது சுலபம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாங்கள் எட்டு பேர் போனோம். வேன் கிளம்பிய அஞ்சாவது நிமிஷமே 'புலி எங்கே?' கோஷம். புள்ளிமான் கூட்டம் வந்தது. 'இது கிண்டியிலேயே இருக்கே!' என்று கமென்ட். டிரைவர் அண்ணன் எதுவும் பேசவில்லை. ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணினார். அப்போதுதான் அந்த சத்தம்... தூரத்தில் ஒரு கடமான், உடைந்த ஹாரன் மாதிரி ஒரே ஒரு தடவை கத்தியது. கொஞ்ச நேரத்தில் மரத்து மேல் இருந்த மந்தி இருமுகிற மாதிரி குரல் கொடுத்தது. எங்களைப் பார்த்து 'இது கிண்டி இல்ல தம்பி' என்ற மாதிரி சிரித்தார் அண்ணன்.

விஷயம் இதுதான். மரத்தடியில் மான், மேலே மந்தி என்றால் அது கூட்டணி. மந்தி உதிர்க்கும் இலையை மான் சாப்பிடும். மேலிருந்து மந்தி பார்க்கும், கீழிருந்து மான் மோப்பம் பிடிக்கும். புலியோ சிறுத்தையோ நகர்ந்தால் ஆளுக்கொரு குரலில் அலாரம். இதில் கடமான் லேசில் கத்தாது. அது கத்தினால் சீரியஸ். பத்து நிமிஷம் காத்திருந்தோம். புலி வரவில்லை. ஆனால், அந்தப் பத்து நிமிஷமும் எங்கள் எட்டு பேரில் ஒருத்தர்கூட மொபைலைத் தொடவில்லை. எங்கள் கிளாஸ் வரலாற்றிலேயே அது ரெக்கார்டு!

திரும்பும்போது காட்டுமாடு ஒன்று ரோட்டோரம் நின்றது. கிட்டத்தட்ட ஒரு டன் உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். இந்த முறை யாரும் 'இது புலி இல்லையே' என்று சொல்லவில்லை.

அப்படியே கொஞ்சம் மேலேயும் பாருங்கள். மாயாறு பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் முக்கியமான இடம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்தால், இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. புலியைவிட அரிதான காட்சி உங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம்!

டிரெஸ் விஷயத்தில் ஒரு டிப்ஸ். மான்களுக்கு ஆரஞ்சு, சிவப்பு சரியாகப் பிரித்துத் தெரியாது. புலி ஜம்மென்று மறைவது அதனால்தான். ஆனால், நீலம் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு ஒருநாள் ப்ளூ ஜீன்ஸுக்கு லீவு கொடுத்துவிட்டு, மண் கலர் சட்டை பேன்ட்டுக்கு மாறுங்கள். சென்ட் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம்.

கிளம்பும் முன் இரண்டு செக்கிங். 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் முறை வந்தது, அதன் நிலவரத்தைப் பாருங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் என்றால் சஃபாரியையே நிறுத்திவிடுவார்கள், அதையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பந்திப்பூர் வழியாக வருகிறவர்களுக்கு இன்னொன்று... 2009-ல் தொடங்கிய இரவுத் தடை. இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டு ரோடு விலங்குகளுக்கு!

டிக்கெட் காசுக்குப் புலியைக் காட்டுகிறேன் என்று எந்தக் காடும் அக்ரிமென்ட் போடவில்லை. நல்ல விடுதி, இன்ஜினை அணைக்கத் தெரிந்த டிரைவர், வாயை மூடத் தெரிந்த நண்பர்கள்... இந்த மூணும் செட்டாகிவிட்டால் டூர் சக்சஸ். புலி வந்தா, அது போனஸ்!