வலி ஒரு வரமா? கொல்லிமலையிலிருந்து ஒரு கதை

கொல்லிமலை என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, வல்வில் ஓரி. இன்னொரு கதையும் அங்கே இருக்கிறது நண்பர்களே. மதப் பிரசாரம் இல்லை, பயப்படாமல் படிக்கலாம்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் போதகர் 1913ல் சேந்தமங்கலத்தில் ஈவ்லினைக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறினார். வாழவந்தியில் வீடு. பிரசங்கத்தை விட வைத்தியம்தான் அதிகம் நடந்தது. நரம்புச் சிலந்தி வந்தவர்களின் காலிலிருந்து புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார் (2000ல்தான் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள்). மருந்து வாங்கிப் போனார்கள், ஆனால் வருடக்கணக்கில் யாரும் மதம் மாறவில்லை. முக்கிய எதிர்ப்பு அங்கிருந்த பூசாரியிடமிருந்து.

1918-19ல் உலகத்தையே புரட்டிப்போட்ட இன்ஃப்ளூயன்சா மலைக்கும் வந்தது. எல்லோரும் நோயாளிகளை விட்டு ஓட, இவர்கள் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனார்கள். பூசாரியும் மனைவியும் படுத்துவிட்டார்கள். சாகும் நேரத்தில் அவர் தன் கைக்குழந்தையை ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? இத்தனை நாள் எதிர்த்த அதே போதகரிடம். அவர் இறையியல் படித்து மாறியிருக்க வாய்ப்பில்லை. கஞ்சியோடு வாசலில் யார் நின்றார்கள் என்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

1929 ஜூனில் ஜெஸ்ஸியே போய்விட்டார். கருநீர்க் காய்ச்சல், மலேரியாவின் கொடூரமான வடிவம். வயது 44. மகன் பால் அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவன். தந்தி முதலில் வந்துவிட்டது. அப்பா அதற்கு முன்பே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதம் பிறகு வந்து சேர்ந்தது. படிக்கும்போது அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தப் பையன்தான் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் புண்ணாகிக் குறைகின்றன என்று காட்டியவர். அதிலிருந்து வலி கடவுள் தந்த பரிசு என்ற முடிவுக்கு வந்தார். 1993ல் பிலிப் யான்சியோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவே எழுதினார்.

விரலுக்கு இது சரி. அடுப்பில் கை பட்டால் சட்டென்று இழுக்க வைக்கிறதே. ஆனால் 44 வயதுப் புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? எனக்கு இதில் சமாதானம் ஆகவில்லை.

அதனால் எனக்கு மகனை விட அம்மாவைத்தான் பிடித்திருக்கிறது. லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து, ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர் ஈவ்லின். புருஷன் போன பிறகும் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலை செய்ய வைத்தது. வயதாகிவிட்டது என்று மறுபடி அனுப்பவும் தயங்கியது. ஒரே வருடம் என்று கேட்டு வாங்கி வந்தவர், அது முடிந்ததும் மிஷனுக்கு ராஜினாமா கொடுத்துவிட்டு, தன் போக்கில் மலையேறிவிட்டார். அப்போது வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது!

கொல்லிமலையோடு நிற்கவில்லை, கல்வராயன், பச்சைமலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். மட்டக்குதிரையில் பயணம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கம்பு. கடைசி இருபது வருடம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974ல், 95 வயதில் இறந்தார். பெட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். மலைக்காரர்கள் வெறும் பருத்தித் துணியில் சுற்றி அந்த மண்ணிலேயே புதைத்தார்கள்.