கத்திகளின் பேரேடு

என் அலமாரியில் அறுபத்து மூன்று கத்திகள் இருக்கின்றன என்றால் கேட்போர் முதலில் அஞ்சுவர்; பின்னர் நகைப்பர். பேனாக்கத்தி, பாக்குவெட்டி, குர்பானிக்குப் பயன்பட்ட பழைய கத்திகள், உம்மா மீன் அரிந்த அரிவாள்மணை ஆகியவையே அவற்றுட் பெரும்பாலானவை. ஒன்பது அங்குலத்தைத் தாண்டும் போர்க்கத்திகளுக்குச் சட்டப்படி உரிமம் தேவைப்படலாம். அந்த வம்பு எனக்கு வேண்டாம்!

கத்திகளைவிட நான் அருமையாகப் போற்றுவது, அவற்றுக்காக எழுதிவரும் பேரேட்டைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அலகின் நீளம், தடிப்பு, பிடி எதனாலானது, எவரிடமிருந்து வந்தது, கொடுத்த விலை, சாணை பிடித்த நாள் எல்லாம் அதில் ஏறும். எண்ணை அலகில் ஒட்டுவதில்லை. பசை எஃகைக் கறைப்படுத்தும். பருத்தி நூலில் சீட்டு கோத்துப் பிடியில் கட்டுவேன். தோலுறையைத் தனியே வைத்து அதற்கும் அதே எண்ணை இடுவேன். எங்கள் கடற்கரைக் காற்றில் தோல் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருக்கும் அலகைத் துருவாக்கிவிடும். பிடி எலும்பா, தந்தமா என்பதை உருப்பெருக்கியால் பார்த்தே எழுதவேண்டும். எலும்பில் கருநிறப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோன்ற கோடுகள் ஓடும். தந்தமாயின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடும். அதனை வாங்கவோ விற்கவோ இயலாது.

இவற்றினும் முதன்மையானது அலகின் அடியிலுள்ள முத்திரை. அதனை உள்ளவாறே வரைந்துகொள்ளவேண்டும். இதனை அறியாத காலத்தில் ஒரு நல்ல கத்தியைப் பளபளப்பாக்கும் ஆசையில் தேய்த்துத் தேய்த்து, அதன் முத்திரையை நானே அழித்தேன். பதினோராம் பக்கத்தில் அந்த இடம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

முதற்பக்கம் எங்கள் பாட்டனாரின் பேனாக்கத்திக்கு உரியது. அவரை நாங்கள் ‘அப்பா’ என்றே அழைப்போம். 1905இல் இரங்கூனுக்குக் கப்பலேறிய அவர், முதற் சம்பளத்தில் அதை வாங்கினார் என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக வழங்கும் கதை. திருமண வீடுகளில் வாப்பா அதைச் சொல்லாத நாளில்லை. நானும் அவ்வாறே எழுதி வைத்தேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் முத்திரையை வரைய அமர்ந்தேன். விண்மீனும் சிலுவையும் இருந்தன. ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம் அது. அதன் மேல் முடியும் ‘ஜி.ஆர்.’ எழுத்துகளும், கீழே ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் இருந்தன. அயல்நாட்டுச் சரக்குகளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அச்சொல் பரவலாயிற்று. அதன்பின் ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் அரியணை ஏறியது 1910இல். அப்படியாயின், 1905இல் அந்தக் கத்தி எவ்வாறு இருந்திருக்கும்?

இரண்டு வாரங்கள் பேனாவைத் தொடவில்லை. முத்திரையை வரையாமல் விட்டால் எவர் கேட்கப்போகிறார்? ஆனால், ஒரு பக்கத்தில் பொய்யை அறிந்தே விட்டால் மற்றப் பக்கங்களை எவர் நம்புவார்? கதையை அடிக்காமல், ‘சொன்னவர்: வாப்பா’ என்று சேர்த்து, கீழே முத்திரையை வரைந்து, ‘1910க்குப் பிந்தியது’ என்று எழுதினேன். பிறகு அந்தப் பக்கத்தை ராத்தாவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். எண்பதைக் கடந்தவர், மனம் நோவாரோ என்று குரல் தயங்கியது.

ராத்தா சிரித்துவிட்டார்.

“முதல் கத்தி கப்பலிலிருந்து திரும்பும்போது கடலில் விழுந்துவிட்டதடா. பழம் நறுக்கும்போது கைதவறிற்றாம். பெரியவர்கள் ஏசுவார்களென்று அதேபோல் இன்னொன்றை வாங்கி வைத்துக்கொண்டார். பாட்டியார் ஒருத்திக்குத்தான் தெரியும், அவர் எனக்குச் சொன்னார்” என்றார்.

“இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“எவர் கேட்டார்கள்?” என்றார்.

அங்கேயே அமர்ந்து அதையும் எழுதினேன். ‘சொன்னவர்: ராத்தா’ என்று நான் முடித்ததும், தேதியையும் போடச் சொன்னார்.