ரிசர்வுல கிடந்த தண்ணி

போன தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி நடந்ததை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். அசட்டையா இருந்தது நான்தான். அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. ஆனா உங்க வீட்டுலயும் அப்பாவோட பழைய வண்டி ஒண்ணு ஓரமா நிக்கலாம். ஊர்ல இருக்கிற சித்தப்பாவோ மாமாவோ இன்னும் அந்த மாதிரி வண்டியிலதான் வயலுக்குப் போய்க்கிட்டிருக்கலாம். அவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

என் வண்டி 2007ல வாங்கினது, நூறு சிசி. நெல் மூட்டை, உர மூட்டை, புல்லுக்கட்டு, என் மக பள்ளிக்கூடம் போனது, அவளைப் பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பலகாரம் வாங்கப் போனது எல்லாம் இதுலதான். பெயின்ட் போயிடுச்சு, சீட்டு கிழிஞ்சிடுச்சு, ஆனா ரெண்டு உதையில ஸ்டார்ட் ஆயிடும். அதனாலேயே அதுக்குன்னு தனியா ஒரு கவனிப்பும் இல்ல. கொட்டகையில இடம் மாட்டுக்கு, வண்டி வேப்பமரத்தடியில மழையிலயும் வெயில்லயும் நிக்கும்.

2025 அக்டோபர்ல மழை எப்படிப் பிடிச்சுச்சுன்னு டிவியில பாத்திருப்பீங்க. அறுத்த குறுவை நெல்லு ஒரு பக்கம் நனைஞ்சு கிடந்துச்சு. இன்னொரு பக்கம் அப்பத்தான் நட்ட சம்பா பயிரு. நான் ஆறு மா நட்டிருந்தேன். பட்டணத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன், எங்க பக்கம் மூணு மா ஒரு ஏக்கர். நட்டு பன்னெண்டு நாள்தான் ஆகுது, வேர் பிடிச்சு இப்பத்தான் பச்சை கட்டுது. சி.ஆர். 1009 சப்-1 நட்டிருந்தா ரெண்டு வாரம் தண்ணியில மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். நான் நட்டது பிபிடி. நல்ல விலை போகுமேன்னு ஒரு ஆசை.

ராத்திரி பத்து மணி இருக்கும். பக்கத்து வயக்காரர் போன் பண்ணினார். "அண்ணே, வடிவாய்க்கால்ல ஆகாயத்தாமரை வந்து அடைச்சுக்கிச்சு. உங்க பக்கம் தண்ணி ஏறுது. இப்ப வந்து வெட்டி விட்டா உண்டு"ன்னார். மண்வெட்டியை எடுத்து வண்டியில கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். வயலு வீட்டுலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் போனதும் வண்டி இழுத்துச்சு. பெட்ரோல் கம்மின்னு தெரியும், ரிசர்வுல திருப்பினேன். அங்கதான் தப்பு நடந்துச்சு. நூறு அடி போயிருக்காது, குக்கு குக்குன்னு இருமி நின்னுடுச்சு. அதுக்கப்புறம் எத்தனை உதை உதைச்சும் உசுரு வரல.

வண்டியைப் புளியமரத்துல சாச்சுட்டு மண்வெட்டியைத் தோள்ல போட்டு நடந்தேன். நாலு கிலோமீட்டர், கொட்டுற மழை, ரோடு எது வாய்க்கால் எதுன்னு தெரியல. போய்ச் சேரும்போது பதினொன்றரை. வடிவாய்க்கால் கரை மீறி, கீழ்மடை வரப்பு உடைஞ்சு போயிருந்துச்சு. பக்கத்து வயக்காரர் இடுப்பளவு தண்ணியில தனியா நின்னு ஆகாயத்தாமரையை இழுத்துக்கிட்டிருந்தார். "பத்து நிமிஷம் முன்னாடிதான் போச்சுண்ணே"ன்னார். ரெண்டு பேரும் விடிய விடிய வெட்டி வடிய விட்டோம். விடிஞ்சு பாத்தா, ஒரு மா நாத்தை அரிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. அந்த இடத்துல வண்டல் மேடு தட்டி, வழிச்சு விட்ட தரை மாதிரி இருந்துச்சு. மிச்சம் அஞ்சு மா தப்பிச்சுது.

எனக்கு வந்த கோவமெல்லாம் பெட்ரோல் பங்க் மேலதான். தண்ணி கலந்து ஊத்திட்டான்னே முடிவு பண்ணிட்டேன். வண்டியைத் தள்ளிக்கிட்டு மன்னார்குடி வந்து, பந்தலடி பக்கம் நம்ம வழக்கமான மெக்கானிக் தம்பிகிட்ட விட்டேன். அப்படியே பங்குக்குப் போய் ரெண்டு கேக்கலாம்னு கிளம்பினவனை அவர்தான் பிடிச்சு உட்கார வச்சார். "அண்ணே, டீ குடிங்க. முதல்ல டேங்கைப் பாப்போம், அப்புறம் சண்டை போடுவோம்."

டேங்கைக் கழட்டி, அடியில இருந்ததைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சார். கொஞ்ச நேரம் வச்சதும் ரெண்டா பிரிஞ்சு நின்னுச்சு. மேல பெட்ரோல். கீழ கலங்கலா, துரு நிறத்துல ஒரு தண்ணி. அடுத்து பெட்ரோல் மூடியைக் காட்டினார். உள்ள இருக்கிற ரப்பர் வளையம் ஊறி உப்பி, தன் பள்ளத்துல உக்காராம வெளியே பிதுங்கியிருந்துச்சு, ஒரு பக்கம் வெடிப்பு வேற. கார்புரேட்டருக்குப் போற பெட்ரோல் டியூப் ஒரு முனையில கொழகொழன்னும் இன்னொரு முனையில காஞ்ச கொடி மாதிரியும் இருந்துச்சு. பிளோட் ஊசி நுனி ரப்பரும் உப்பிப் போச்சு.

"மழைத்தண்ணி மூடி வழியா இறங்கியிருக்குண்ணே. முன்னாடியும் இறங்கும்தான். ஆனா அப்ப ஒரு ஸ்பூன் இறங்கினா அடியில ஒரு ஸ்பூன்தான் கிடக்கும். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்குல்ல? அது தண்ணியோட சேர்ந்துக்கும். லிட்டருக்கு ஏதோ ஒரு ஸ்பூன் தண்ணி வரைக்கும் கரைஞ்சு இருக்கும், வண்டியும் ஓடும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து மொத்தமா அடியில இறங்கிடும். மெயின்ல ஓடும்போது உங்களுக்குத் தெரியல, ஏன்னா மெயின் குழாய் டேங்குக்குள்ள உயரமா நிக்கும். ரிசர்வுல திருப்பினீங்க பாருங்க, அது அடிமட்டத்துல இருக்கிறதை இழுக்கும். நேரா அந்தத் தண்ணியைத்தான் இழுத்திருக்கு"ன்னு சொன்னார்.

எனக்கு முழுசா நம்பிக்கை வரல. அதே பங்குல நூறு ரூபாய்க்குப் போட்டு வந்து வீட்டுல சோதிச்சுப் பாத்தேன். பேரனோட பழைய பால் பாட்டில்ல அளவுக் கோடு இருக்கும்ல, அதுல 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணி ஊத்தி மூடிக் குலுக்கி வச்சேன். (செய்றவங்க வெளியே திறந்த இடத்துல, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்துல இல்லாம செய்யுங்க. அந்தப் பாட்டிலை அப்புறம் தூக்கி எறிஞ்சிடணும்.) கொஞ்ச நேரத்துல அடியில நின்னது 10 மில்லி இல்ல, முப்பதுக்குக் கிட்ட. பெட்ரோல்ல இருந்த எத்தனால் தண்ணியோட போய்ச் சேர்ந்துக்கிச்சு. அதாவது பங்க்காரர் அரசாங்கம் சொன்ன 20 சதவீதக் கலவையைத்தான் ஊத்தியிருக்கார். அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டது என் தப்பு.

இந்தக் கலவை ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. 2003லேயே 5 சதவீதத்துல ஆரம்பிச்சாங்க. 2022ல பத்தாச்சு. 2023 பிப்ரவரியில இ-20 வந்துச்சு, ரெண்டு வருஷத்துல நாடு முழுக்க எல்லாப் பங்குலயும் அதுதான்னு ஆயிடுச்சு. இ-20 வேண்டாம்னா வேற எடுத்துக்க வழி இருக்கணும்னு ஒருத்தர் உச்ச நீதிமன்றம் போனார், 2025 செப்டம்பர்ல அந்த வழக்கு தள்ளுபடி ஆச்சு. பழைய வண்டியில 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் சாமான், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. மைலேஜும் கொஞ்சம் குறையும். பழைய டூவீலருக்கு 3, 4 சதவீதம்னு நிதி ஆயோக் அறிக்கை சொல்லுது. இதெல்லாம் கோயம்புத்தூர்ல வேலை பாக்குற மகன் போன்ல படிச்சுச் சொன்னது.

அவன் இன்னொண்ணும் சொன்னான். அமெரிக்காவுல டுகாட்டி மாதிரி விலை கூடுன வண்டிகளுக்கு நைலான் பிளாஸ்டிக் டேங்க். எத்தனால் பெட்ரோல் ஊத்தி ஊத்தி அந்த டேங்கே வீங்கி, மாட்டின இடத்துல உக்காராமப் போய், சொந்தக்காரங்க வழக்கே போட்டாங்களாம். டேங்கைக் காலி பண்ணி, மூடியைத் திறந்து வாரக்கணக்கா காய வச்சா ஓரளவு சுருங்குமாம். "நம்மளுது இரும்பு டேங்குப்பா, வீங்காது, துருப்பிடிக்கும்"னான். நம்ம வீட்டுல பிளாஸ்டிக் டேங்க் இருக்கிறது பவர் ஸ்பிரேயர்ல. மருந்தடிச்சுட்டு மிச்ச பெட்ரோலோட மூலையில வச்சுடுவேன். அடுத்த பட்டத்துக்கு எடுத்தா டேங்க் மஞ்சளா உப்பி, மூடி மரை பிடிக்காது. இத்தனை வருஷம் வெயில்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

வண்டிக்கு வருவோம். மெக்கானிக் தம்பி டேங்குல கொஞ்சம் டீசலும் சின்னச் சின்ன நட்டும் போட்டு அரை மணி நேரம் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினார். செங்கல் கரைச்ச மாதிரி துரு வந்துச்சு. கழுவி, ரெண்டு நாள் காய வச்சார். பெட்ரோல் டியூப், மூடி ரப்பர், காக் வாஷர், பிளோட் ஊசி, கேஸ்கெட் எல்லாம் புதுசு. நடுவுல ஒரு சின்ன பில்டரும் போட்டார். கூலியோட 1,150 ரூபாய். ஆறு மாசம் முன்னாடி மூடி ரப்பரையும் டியூபையும் மட்டும் மாத்தியிருந்தா இருநூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். அந்த ஒரு மா நாத்தும் நின்னிருக்கும்.

அவர் சொன்னதுல முக்கியமானது இவ்வளவுதான். எத்தனால் கலவைக்குத் தாங்குற டியூபுன்னு கேட்டு வாங்கணும், கண்டதையும் மாட்டக் கூடாது. மழை மாசத்துல டேங்கை அரைகுறையா வைக்கக் கூடாது, காலி இடத்துலதான் ஈரம் வேர்த்து இறங்கும். ஒரு மாசத்துக்கு மேல ஓட்ட மாட்டோம்னா பெட்ரோலை வடிச்சுட்டு, கார்புரேட்டர்ல இருக்கிறதும் தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்தணும். ஸ்பிரேயருக்கும் இதே கதைதான். அப்பப்ப ரிசர்வுல கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கணும், அவசரத்துக்குத் திருப்பும்போதுதான் அடியில என்ன கிடக்குதுன்னு தெரிய வேண்டாம்.

மனசுல ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. இந்த எத்தனால் கரும்புலேர்ந்து வருது, மக்காச்சோளத்துலேர்ந்து வருது, அரிசியிலேர்ந்தும் வருது. 2025ல இந்திய உணவுக் கழகத்து அரிசியை எத்தனால் ஆலைக்குக் குவிண்டால் 2,250 ரூபாய்க்குக் குடுக்க முடிவு பண்ணினாங்க. அந்த வருஷம் சன்ன ரகம் இல்லாத நெல்லுக்கே மத்திய அரசு ஆதார விலை 2,369. நூறு கிலோ நெல்லு அரைச்சா அரிசி 67 கிலோதான். நான் படிச்சது பத்தாங் கிளாஸ். என் கணக்குல அரிசி கிலோ 35 ரூபாய்க்கு மேல அடங்குது, ஆலைக்குப் போறது இருபத்திரெண்டரைக்கு. எங்க டெல்டா நெல்லு பெரும்பாலும் இங்க ரேஷன் கடைக்குத்தான் போவுது, அதனால என் அரிசியே என் டேங்குக்குள்ள வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். வெளிநாட்டு எண்ணெய்க்குக் குடுக்கிற காசு மிச்சம், புகை குறையும், கரும்புக்காரனுக்குப் பணம் வருதுங்கிறதும் நியாயம்தான். ஆனா இருபது வருஷத்து வண்டியில வயலுக்குப் போறவன்கிட்ட, அந்த டியூபை மாத்திக்கய்யான்னு பங்குல ஒரு போர்டு வச்சிருக்கலாம்.

அரிச்சுப் போன ஒரு மாவுல பக்கத்து வயக்காரர் கிட்ட மிச்சமிருந்த நாத்தை வாங்கி மறுநடவு போட்டேன். மத்த பயிரு தூர் கட்டி நிக்கும்போது அது மட்டும் குட்டையா, தனியாத் தெரிஞ்சுச்சு. வீட்டுல பாத்துட்டு, "இது வயசுக்கு இது வளரும், விடுங்க"ன்னாங்க. இப்ப வண்டி கொட்டகையில நிக்குது. மாட்டைத்தான் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கேன்.