தலையில் சுமந்த வெளிச்சம்

எங்கப்பா ஊர்த் திருவிழாவுல பெட்ரோமாக்ஸ் சுமந்தவர். வெளிச்சமெல்லாம் சாமிக்கு, விளக்கடியில அவர் முகம் இருட்டு. பறையடிச்ச சித்தப்பா முகத்தைத் தோல் காய்ச்சுற வைக்கோல் தீயிலதான் பார்த்திருக்கேன்.

நான் கச்சேரி மேடைக்கு லைட் கட்டுறவன். பாடுறவர் மேல ஃபாலோ ஸ்பாட். பறைக்காரங்களுக்கு முதுகுப்பக்கம் நாலு பார் லைட், சிவப்புல. பார்க்க அழகுதான். ஆனா உருவம்தான் தெரியும், முகம் தெரியாது. கேட்டா, “அவங்களுக்கு எதுக்குய்யா?”ம்பாங்க.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் நிகழ்ச்சி. கோட்டு சூட்டு போட்டு கானாவும் பறையும் வெளிச்சத்துல நின்னுச்சு. கூட்டத்துல நின்னு அழுதேன்.

இப்ப யாரையும் கேக்குறதில்ல. பறைக்காரர் முகத்துக்கு நேரா, முன்பக்கமிருந்து ஒரு விளக்கு கட்டிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குறேன்.